எட்டாவது இன்னிங்ஸில் வந்த சீட்டு

புவெர்தோ சாலஸ்
9 பிப்ரவரி 1993

மச்சான்,

உறையின் மேல் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால், இன்னும் ஒரு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடமாக உங்களிடம் நான் வாயைத் திறக்கவில்லை. ஃபெர்மின் பேசாமல் இருந்தான் என்று சொன்னால் இந்த ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

உங்கள் மகள் அம்பாரோ எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். முகவரியை எங்கே பிடித்தாளோ தெரியவில்லை. “மாமா, மே பதினஞ்சு எனக்குக் கல்யாணம். அம்மா பக்கத்துல இருந்து வர்றதுக்கு உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? நீங்க வாங்க, அப்பாவ நான் பாத்துக்கறேன்” என்று கேட்டிருக்கிறாள். ஸ்பானிஷில் பாதி எழுத்து தப்பு. அதைப் படித்து என் மனைவி சொய்லா அழுதாள், நான் சிரித்தேன். பிறகு நான் அழ, அவள் சிரித்தாள்.

ஐந்து மாதக் குழந்தையாக நீங்கள் தூக்கிக்கொண்டு விமானம் ஏறியபோது கடைசியாகப் பார்த்தது. அவளுக்குக் கல்யாணமாம். என் அக்கா மகளுக்குக் கல்யாணம். விசா கையில் இருக்கிறது, பாஸ்டனில் இருக்கும் என் மகனைப் பார்க்கப் போன வருடம் எடுத்தது. அப்போது நியூயார்க்கில்தான் பஸ் மாறினேன். உங்கள் தெருவின் பெயர் பலகையில் தெரிந்தது. இறங்கவில்லை.

இப்போதும் அப்படித்தான். நீங்கள் வா என்று சொல்லாமல் வரமாட்டேன். அவள் கூப்பிட்டாள் என்று வந்து நின்று, அவள் கல்யாணத்தன்று உங்கள் முகம் சுருங்குவதை நான் பார்க்க வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்துக்காக உட்கார்ந்ததிலிருந்து 1964தான் கண்முன் நிற்கிறது. நாம் முதல்முதலாகக் கோப்பை வென்ற வருடம். கடலோர மைதானம், மாலை நான்கு மணி வெயில், காற்றில் உப்பு. ஒன்பதாவது இன்னிங்ஸில் தாமசோ அடித்த பந்து வலதுபக்கச் சுவரைத் தாண்டிக் கடலுக்குள் போனதே! அது கீழே வரவேயில்லை என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. நிஜக் கூழைக்கடா ஒன்று பக்கத்தில் பறந்துகொண்டிருக்க, நம் கூழைக்கடாக்கள் அணியின் பந்தும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அக்கா பெஞ்சின் மேல் ஏறி நின்று செருப்பைக் கழற்றி வீசினாள். ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு நடந்தாள். நீங்கள் அன்றுதான் அவளை முதலில் பார்த்தீர்கள்.

ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள் மச்சான். வா, அல்லது வராதே.

ஃபெர்மின்

*

பிராங்க்ஸ், நியூயார்க்
24 பிப்ரவரி 1993

ஃபெர்மின்,

தாமசோ அடித்தது ஒன்பதாவதில் இல்லை. ஏழாவதில். ஒன்பதாவதில் அவன் மட்டையைத் தொடவே இல்லை. நீ எப்போதும் இப்படித்தான், எதையாவது அழகாக்கிச் சொல்வாய்.

நான் பேஸ்பால் கேட்பதை விட்டு இருபத்திரண்டு வருடமாகிறது. இந்த வீட்டில் ஆட்டம் ஓடியதில்லை. அம்பாரோவுக்கு ஒரு மட்டையை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. அவள் அம்மா எப்படி இறந்தாள் என்று கேட்டபோது, பிரசவத்தில் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை.

மீதியை நீயும் நானும் அறிவோம். என் மனைவி செத்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுதிய சீட்டை நாற்பது நிமிடம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நீ ஆட்டம் பார்த்தாய். அவள் உன் கூடப் பிறந்தவள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிய தெருவெல்லாம் ஜனம். ஜெயித்ததற்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஆட ஓடி வருகிறேன் என்று நினைத்து என் தலையில் ரம் ஊற்றினார்கள். இரண்டு பேர் என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். இறக்கிவிடச் சொல்லிக் கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது அவள் போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது.

ஒரு வார்த்தை கேட்டாய். வராதே.

ஒக்தாவியோ

*

புவெர்தோ சாலஸ்
8 மார்ச் 1993

மச்சான்,

ஏழாவதுதான். அன்று மைதானத்தில் ஸ்கோர் குறித்த கிழவரிடம் போய்க் கேட்டேன். “உன் மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்டா” என்று என் மூக்கை உடைத்து அனுப்பினார். ஆட்டம் கேட்பதை விட்ட மனிதர் இவ்வளவு சரியாக நினைவு வைத்திருக்கிறீர்கள்.

வராதே என்றீர்கள், வரவில்லை. அம்பாரோவுக்கும் எழுதிவிட்டேன், முதுகுவலி என்று. ஆனால் அன்று நடந்ததை நான் என் வாயால் உங்களுக்குச் சொன்னதே இல்லை. கல்லறையில் நீங்கள் என் சட்டையைப் பிடித்து, “நீதான்டா அவளக் கொன்னே” என்றீர்கள். நான் நின்றேன். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. இப்போது என் பங்கை மட்டும் எழுதுகிறேன்.

1971 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. காலையில் அக்காவுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம், ராத்திரிக்கு முன்னால் ஆகாது என்று டாக்டர் சொன்னார். ஆந்தைகள் அணியோடு ஏழாவது ஆட்டம், யார் ஜெயித்தாலும் கோப்பை. நாம் போகவில்லை என்றுதான் சொன்னோம். அக்காதான் விரட்டினாள். “ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இங்க நிக்காதீங்க. உங்களப் பாத்தா எனக்கு வலி ஜாஸ்தியாவுது. போய் ஜெயிச்சுட்டு வாங்க.” சொய்லா அவள் பக்கத்தில் இருந்தாள்.

நம் பெஞ்சின் சட்டம் உங்களுக்குத் தெரியும். நாம் முன்னிலைக்கு வந்துவிட்டால் யாரும் இடம் மாறக்கூடாது, எழக்கூடாது, வெளிச்செய்தி எதுவும் பெஞ்சுக்குள் வரக்கூடாது. 1964இல் உங்கள் பெரியப்பா நாலு இன்னிங்ஸ் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து, கோப்பை நம்மால்தான் வந்தது என்று சாகும்வரை சொன்னாரே, அதே சட்டம். நான் நடைபாதை ஓரம். நீங்கள் அந்தக் கோடி. நடுவில் ஆறு பேர்.

எட்டாவது இன்னிங்ஸ். மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலையில் இருந்தோம். ஆந்தைகளின் ஆட்கள் இரண்டாவது பேஸிலும் மூன்றாவதிலும் நின்றார்கள், ஒரு நல்ல அடி விழுந்தால் முன்னிலை போய்விடும். ஒரே ஒரு அவுட்தான் விழுந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வாசலுக்கு வந்த சீட்டை, கடலை விற்கும் கசிமிரோ என் கையில் கொடுத்தான். சொய்லா எழுதியது. “ரத்தம் நிற்கவில்லை. ஒக்தாவியோவை உடனே அனுப்பு.” படித்தேன். மடித்தேன். சட்டைப்பையில் வைத்தேன். இந்த ஒரு அவுட் விழட்டும் என்று நினைத்தேன். விழுந்தது. இன்னும் ஒன்று என்றேன். அதுவும் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்பதாவது இன்னிங்ஸ். நகர்ந்தால் போய்விடும் என்று இருந்தது. ஆட்டம்தான் போய்விடும் என்று நினைத்தேன் மச்சான், அக்கா போய்விடுவாள் என்று நினைக்கவில்லை. பிரசவம் என்றால் ரத்தம் வரத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசி அவுட் விழுந்து ஊரே எழுந்து குதித்தபோது ஆறு பேரைத் தாண்டி வந்து உங்கள் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நாம் ஜெயிக்கவே இல்லை. 74இல் இறுதிக்குப் போய்த் தோற்றோம். 79இல் மழையில் தோற்றோம். 86இல் கடைசி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை. எங்கள் வீட்டு ரேடியோவைச் சுற்றிப் பதினைந்து பேர். எதிர்வீட்டு ஃபிலோமேனா அம்மா வாசலில் வந்து, “ஃபெர்மின், அடுப்புல கேஸ் மணக்குது, வந்து பாரேன்” என்றாள். எழுந்து போனேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். போனேன். ரெகுலேட்டரைச் சரிசெய்து திரும்பி வந்தபோது தோற்றிருந்தோம். ஒரு மாதம் தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. இப்போது என் வீட்டுக் கதவு ஆட்ட நாளில் திறந்தே இருக்கும். யார் கூப்பிட்டாலும், என்ன ஸ்கோராக இருந்தாலும், நான் எழுந்துவிடுவேன்.

அதனால் ஒன்றும் திரும்பாது என்று தெரியும். சும்மா சொன்னேன்.

ஃபெர்மின்

*

பிராங்க்ஸ்
21 மார்ச் 1993

ஃபெர்மின்,

உன் முதுகுவலியை அம்பாரோ நம்பவில்லை. சாப்பாட்டு மேசையில் கடிதத்தை வைத்து, “அப்பா, மாமாவுக்கு நெஜமாவே முதுகுவலியா, இல்ல நீங்கதான் அந்த வலியா?” என்றாள். அம்மாவின் வாய் அப்படியே. நான் வாழைக்காயைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பிறகு கேட்டாள், “அம்மா பேஸ்பால் பாப்பாங்களா?”

பார்ப்பாளா! நான் என்ன சொல்வது? ஒரு மணி நேரம் பேசிவிட்டேன். சோறு ஆறிப்போயிற்று.

1967ஐச் சொன்னேன். நாம் தோற்ற வருடம். நடுமைதானத்தில் உயரே போன பந்து, தாமசோவின் கையில் வந்து விழவேண்டிய பந்து, சூரியன் கண்ணில் பட்டு க்ளவ்வின் ஓரத்தில் பட்டுக் கீழே விழுந்தது. மைதானம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. கடல் மட்டும் கேட்டது. உன் அக்கா லெயோனோர் என் பக்கத்தில் உட்கார்ந்து, “பாவம், அவன இப்ப யாராவது வீடுவரைக்கும் கூட்டிட்டுப் போங்களேன்” என்றாள். ஊரே அவனைச் சபித்துக்கொண்டிருந்தது. இந்தப் பெண்தான் வேண்டும் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது தேங்காய் மிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். “தோத்த அன்னிக்குக் கேக்கறீங்களே, உங்களுக்கு நேரம் காலமே தெரியாதா?” என்று சிரித்தாள். ஜெயித்திருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்காது. ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்திருப்போம், நான் கூட்டத்தில் தொலைந்திருப்பேன்.

நான் ஆட்டம் கேட்பதில்லை என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் பழைய ஆட்டங்கள் வருகின்றன. நான் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் குழிக்குள் விளக்கைக் கட்டிக்கொண்டு தொங்கும்போது மேலே எங்கேயோ காற்று ஊதும். அது அப்படியே நம் மைதானத்துச் சத்தமாகிவிடும். ஒவ்வொரு இன்னிங்ஸாக ஓடும். வெயில் இருக்கும், வறுத்த கடலை வாசனை இருக்கும், லெயோனோர் பக்கத்தில் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஸ்கோர் எழுதுவாள். 64 ஓடும், 67 ஓடும். 71 எட்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் ஓடும். அங்கே நான் விளக்கை ஆட்டி, வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன்.

கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பலமுறை படித்தேன். உன்னை வா என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குக் கொஞ்சம் நேரம் கொடு.

ஒக்தாவியோ

*

புவெர்தோ சாலஸ்
3 ஏப்ரல் 1993

மச்சான்,

உங்கள் கடிதத்தை சொய்லாவுக்குப் படித்துக் காட்டினேன். தேங்காய் மிட்டாய் வந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “அவருகிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அவரு அதுக்குள்ள கெளம்பிட்டாரு” என்றாள். எனக்கே இத்தனை வருடம் சொல்லாதது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

சீட்டை அனுப்பிய பிறகுதான் இது. நர்ஸ் மேசையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. குழந்தை பிறந்து பக்கத்தில் கிடத்தியாகிவிட்டது, அதைப் பார்த்துவிட்டாள், விரலால் அதன் காதைத் தொட்டாளாம். அதற்குப் பிறகு, “என்ன ஸ்கோர்?” என்றாள்.

“மூணுக்கு ரெண்டு, நாமதான் முன்னாடி. ஒக்தாவியோவுக்கு ஆள் அனுப்பிருக்கேன், இப்ப வந்துருவாரு” என்று சொய்லா சொன்னாள்.

“ஐயோ, அவர நகர விடாதீங்கடி” என்றாள் அக்கா. “கெடுத்துராதீங்க.”

சிரித்துக்கொண்டு சொன்னாளாம். கடைசியாகப் பேசியது அதுதான்.

இதை என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதவில்லை. அவள் சொன்னது அவள் பெரிய மனசு. அதனால் என் சட்டைப்பை காலியாகிவிடாது. உங்களுக்குச் சேரவேண்டிய பேச்சு இங்கே கிடந்தது, அனுப்பிவிட்டேன்.

ஃபெர்மின்

*

பிராங்க்ஸ்
18 ஏப்ரல் 1993

ஃபெர்மின்,

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. வேலைக்குப் போகவில்லை. அம்பாரோவிடம் காய்ச்சல் என்றேன்.

அவள் அப்படிச் சொன்னாள் என்றால் நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஐந்து நாளாக முயன்று பார்க்கிறேன். முடியவில்லை. தெரியாமலே அவள் என்னை மன்னித்துவிட்டுப் போயிருக்கிறாள். எதற்கு மன்னிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. எழுதிவிடுகிறேன்.

கசிமிரோ பாடிக்கொண்டேதான் கடலை விற்பான். அன்று எட்டாவது இன்னிங்ஸில் அவன் பாடாமல் படியேறி வந்தான். அதனால்தான் திரும்பினேன். அவன் உன் கையில் சீட்டு கொடுத்ததைப் பார்த்தேன். நீ படித்ததைப் பார்த்தேன். உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அன்றைக்கு நமக்கு ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கேயிருந்து சீட்டு வரும்? எனக்குப் புரிந்துவிட்டது ஃபெர்மின். சந்தேகம் இல்லாமல் புரிந்தது.

நான் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ கூப்பிட்டால் போகலாம் என்று நினைத்தேன். நீ கூப்பிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன். நாற்பது நிமிடம். இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. கடைசி அவுட் விழுந்து நீ ஆறு பேரைத் தாண்டி வந்து சீட்டை நீட்டியபோது, அப்போதுதான் தெரிந்தவன் மாதிரி அதைப் பிரித்துப் படித்தேன். அந்த நடிப்பைத்தான் இன்றுவரை விடவில்லை. கல்லறையில் உன் சட்டையைப் பிடித்ததும் அதே நடிப்பு. உன்னைப் பார்த்துக் கத்தினால் எனக்கு என் சத்தம் மட்டும் கேட்கும். அதற்காகத்தான் கத்தினேன். ஊரைவிட்டு ஓடியதும் உன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான்.

உன் வாழ்க்கையில் இருபத்திரண்டு வருடத்தைத் தின்றுவிட்டேன். பிள்ளைக்கு மாமா இல்லாமல் செய்தேன். சொய்லாவின் வாயையும் கட்டினேன்.

வரலாமா என்று இனி என்னைக் கேட்காதே. கேட்க வேண்டியவன் நான். இதைப் படித்த பிறகும் உனக்கு மனம் வந்தால் வா. வராவிட்டால் ஏன் என்று அம்பாரோவுக்கு நானே சொல்கிறேன். வந்தாலும் சொல்லத்தான் வேண்டுமா? அவளுக்கு இருப்பது நான் ஒருவன். என்னைப் பற்றி இதைத் தெரிந்துகொண்டு அவள் என்ன செய்வாள்?

ஒக்தாவியோ

*

புவெர்தோ சாலஸ்
29 ஏப்ரல் 1993

மச்சான்,

தெரியும்.

நீங்கள் திரும்பிப் பார்த்தபோது நானும் உங்களைத்தான் பார்த்தேன். நடுவில் ஆறு பேர், எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் இருவர் மட்டும் பார்த்துக்கொண்டோம். வெயில் உங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, உங்களுக்கு என் கண் தெரிந்திருக்காது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகுதான் நான் சீட்டை மடித்தேன்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொய்லாவுக்கும் இல்லை. கல்லறையில் என் சட்டையைப் பிடித்தீர்களே, அப்போது நாக்கின் நுனிவரை வந்தது. உங்கள் இடது தோளில் அம்பாரோ தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்து இரண்டு நாள். அவளுக்கு மிஞ்சியது அந்தத் தோள் ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கவா? அடிக்கிற கை அடிக்கட்டும் என்று நின்றுவிட்டேன். பிறகு வருடங்கள் போய்விட்டன. சில நாள் உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். சட்டை கிழியக் கிழிய நின்றவன் நான். தோற்ற வருடங்களில், நன்றாக வேண்டும் மச்சானுக்கு என்று நினைத்ததும் உண்டு.

ஆனாலும் என் கையை நீட்டியிருந்தால் போதும். ஆறே பேர். நீங்கள் கண்ணைத் திருப்பியது உங்கள் தப்பு. நான் கையை மடித்தது என் தப்பு. ஒன்றுக்காக மற்றொன்று குறையாது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். பதின்மூன்றாம் தேதி, வியாழன் மதியம். சொய்லாவும் வருகிறாள், நான் சொல்லாமலே அவள் பெட்டி கட்டிவிட்டாள். எனக்கு இப்போது தலை வழுக்கை, வயிறு முன்னால் வரும், மற்றபடி அதே ஆள்தான்.

அம்பாரோவிடம் சொல்லத்தான் வேண்டும். கல்யாணம் முடியட்டும், ஊர் கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுவோம். நீங்கள் தனியாகச் சொல்லாதீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் கத்தினால், பாதி என்னைப் பார்த்துக் கத்தட்டும்.

ஃபெர்மின்